பெல்ட்டில் ஓடிய மீட்டரும் பல்லில் ஓடிய மீட்டரும்

போன மாதம் மண்டபத்துப் படகு ஜெட்டிக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று என் மனைவியும் கேட்டாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் ரேஷன் கடை வரிசைக்கு அனுப்பிவிடுவாள் என்பதுதான் காரணம். நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது இருக்கிறவர்கள் ஒரு புது மீட்டரைச் சுற்றி நின்றுகொண்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். விசைப்படகு எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் அது. ஊசி கிடையாது. எண்கள் மட்டும் பச்சையாக எரிகின்றன. எஞ்சின் அளவுக்கு மேல் போனால் கூவுகிறது.

"இனிமே டிரைவரு மீட்டரப் பாக்கவே வேணாம்ணே. காதுல விழுந்தாப் போதும்" என்றான் ஒருவன்.

"காதுல விழலன்னா?"

"அதெப்படி விழாமப் போகும்? பாம்பன் பாலம் வரைக்கும் கேக்கும்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். பெருசுக்குப் புதுசு எதைக் கண்டாலும் ஆகாது என்று ஒருவன் முணுமுணுத்தது என் காதில் நன்றாகவே விழுந்தது. எனக்குப் புதுசு மேல் கோபமில்லை. யோசிக்காமல் செய்த சாமான் மேல்தான் கோபம். அதை அங்கே நின்றுகொண்டு விளக்கினால் டீ ஆறிப்போகும் என்பதால் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

நான் கடல்காரன் இல்லை. அபிராமம் பக்கம் ஒரு கிராமம். அய்யா மிளகாய் போட்டவர். மழை பெய்தால் மிளகாய் அழுகியது, பெய்யாவிட்டால் காய்ந்தது. மகனாவது கரண்டில் பிழைக்கட்டும் என்று ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படிக்க வைத்தார். அங்கே சுவரில் பல்பு எரியவிடவும், எரிந்த பல்பை அணைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். எழுபத்து நாலில் மண்டபத்தில் ஒரு படகு எஞ்சின் பட்டறையில் வயர்மேனாகச் சேர்ந்தேன். முதல் நாளே படகில் வாந்தி எடுத்தேன், அதுவும் கட்டிப்போட்டிருந்த படகில். "காட்டுக்காரனக் கடலுக்குக் கூட்டியாந்தா இப்பிடித்தான்" என்று ஜெட்டியே சிரித்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டறைப் போர்மேன் பெயர் செல்லத்துரை. நல்லவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கடைசி வரை நானும் சொன்னதில்லை. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"அளந்தியா, நெனச்சியா?"

பேட்டரி இறங்கிவிட்டது என்று சொன்னால் இந்தக் கேள்வி. எஞ்சின் சூடாகிறது என்றால் இந்தக் கேள்வி. ஒருமுறை வயிற்றுவலி என்று லீவு கேட்டேன், அதற்கும் இதே கேள்வி. அவரிடம் ஒரு கை மீட்டர் இருந்தது. முனையில் ரப்பர் வைத்தது. ஓடுகிற எஞ்சினில் பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லியின் நடுவில் அந்த ரப்பரை அழுத்தினால் சுற்றைக் காட்டிவிடும். அதைத் தன் துண்டில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். பெண்டாட்டி தாலியைக்கூட அந்த மனிதர் அப்படிக் காபந்து பண்ணியிருக்க மாட்டார். அளக்கும் முறையும் தனி. முதலில் நாம் அழுத்திப் பார்த்து எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் பார்ப்பார். பிறகு நாம் சொல்ல வேண்டும். தான் பார்த்தது என்ன என்று அவர் சொல்லவே மாட்டார். மூஞ்சியைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சரியாக இருந்தால் மீட்டரைத் துண்டில் சுற்றுவார். தப்பாக இருந்தால் மறுபடி நம் கையில் கொடுப்பார்.

அந்தக் காலத்தில் படகு முதலாளிகளில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. உப்பூர்ப் பக்கத்துச் சோலைமலை அதில் ஒருவர். வயலும் கண்மாய்க்கரைத் தோப்புமாக நல்ல வசதி. இறால் விலை ஏறியிருந்த காலத்தில் யாரோ ஆசைகாட்டிப் படகு வாங்க வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை வெள்ளை வேட்டியில் வந்து, ஜெட்டியில் நின்றபடி, வாய் நிறைய வெற்றிலையோடு படகைத் திட்டிவிட்டுப் போவார். படகை அவர் ஒரு நாளும் படகாகப் பார்த்ததில்லை. அவருக்கு அது உழவு மாடு. டீசலைத் தீவனம் என்றுதான் சொல்வார்.

அவர் படகை ஓட்டியவர் ராயப்பன். என்னைவிடப் பெரியவர். தங்கச்சிமடத்துக்காரர். படகில் ஏறினால் அவர் கையை எல்லோரும் மதிப்பார்கள். கரையில் இறங்கினால் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டீக்கடையில் நலம் விசாரித்தால் சம்பந்தமில்லாமல் எதையோ சொல்லிவிட்டு எழுந்து போவார். பெரிய திமிர் பிடித்த ஆள் என்பது ஊர் முடிவு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அளக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் படகின் பழைய எஞ்சின் போய்விட்டது. பேரிங் உருகி, கிராங்க் கீறி, இரும்புக்கடைக்குத்தான் லாயக்கு என்ற நிலையில் பட்டறைக்கு வந்தது. கண்டபடி ரேஸ் கொடுத்து ஓட்டியிருக்கிறான் என்று சோலைமலை குதித்தார். புது எஞ்சின் வாங்கக் கணக்குப் பார்த்து, ஒரு லாரி டீசல் எஞ்சினை வாங்கி இறக்கினார். அப்போது பாதிப் படகுகளில் அதுதான் நடந்தது. மாற்றிப் பொருத்தும் வேலை எங்களுடையது. வேலை தொடங்கும்போதே ஜெட்டியில் எல்லோர் முன்னாலும் ராயப்பனுக்குக் கெடு வைத்தார்.

"புது எஞ்சினுக்கு மீட்டர் மாட்டப் போறேன். முள்ளு சிவப்பத் தாண்டுச்சுன்னு ஒரு ஆளு சொன்னாப் போதும், அன்னைக்கே நீ எறங்கிறணும். பெறகு இந்தக் கரையில ஒருத்தனும் ஒன்னய ஏத்தமாட்டான். ஏத்த விடமாட்டேன்."

ராயப்பன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

பழைய எஞ்சினிலும் மீட்டர் இருந்தது. வெளிநாட்டுச் சாமான். எஞ்சினுக்குள் பல்சக்கரத்தில் சுற்றும் கேம் ஷாஃப்டின் முனையிலிருந்து, ஸ்கூட்டர் மீட்டருக்கு வருவது போல ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே வந்து ஊசியை ஆட்டும். அந்தக் கேபிள் எப்போதோ அறுந்துபோயிருந்தது. லாரி எஞ்சினில் கேபிள் மாட்ட இடமில்லை, அந்த முனையை ஒரு மூடியால் அடைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றி, லேத்தில் ஒரு இணைப்புக் கடைந்து போட்டால் பழைய மீட்டரையே ஓட்டலாம் என்றார் போர்மேன். சோலைமலை கேட்கவில்லை. மதுரையில் ஒரு கடைக்காரன் அவரிடம் கரண்ட் மீட்டர்தான் லேட்டஸ்ட் என்று சொல்லியிருந்தான். உள்ளே விளக்கு வேறு எரியுமாம். பழைய மீட்டரைக் கழற்றித் தன் வண்டியில் போட்டுக்கொண்டார். ராசியான சாமான், தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டி வைப்பேன் என்றார். நான் நம்பவில்லை. பிறகு என் கண்ணாலேயே பார்த்தேன்.

அவர் வாங்கி வந்த கரண்ட் மீட்டரைக் கார் வயரிங் பார்க்கும் ஒருவனை வைத்து முதலில் மாட்டினார், எங்கள் கூலி அதிகமாம். அவன் ஒரு பகல் முழுவதும் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடினான். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். காயிலைத் தேடுகிறானாம். பெட்ரோல் வண்டியில் காயில் உண்டு, பிளக்கில் பொறி அடிக்கும், அந்தப் பொறியை எண்ணித்தான் மீட்டர் சுற்றைக் காட்டும். டீசலில் ஏது பொறி? அழுத்தத்தில் தானாக எரிகிற எண்ணெய். கடைக்காரன் பெட்ரோல் கார் மீட்டரை இவர் தலையில் கட்டியிருக்கிறான். விளக்கு மட்டும் நன்றாக எரிந்தது.

சோலைமலை மதுரைக்குத் திரும்பப் போய்ச் சண்டை போட்டு டீசல் மீட்டரை வாங்கி வந்தார். அதற்குப் பிறகு வேலை என் கைக்கு வந்தது. டீசலுக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்க வேண்டும். பேட்டரியை ஏற்றும் அந்தச் சாமானை எஞ்சின் ஒரு பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. அதற்குள் பிறக்கிற கரண்ட் ஏறி இறங்கித் துடிக்கும். டயோடுகள் அதை நேராக்குவதற்கு முன்னால் ஒரு வயரை இழுத்துவிட்டால், அந்தத் துடிப்பை எண்ணி மீட்டர் சுற்றைக் காட்டும். சில ஆல்டர்னேட்டரில் அதற்கென்றே வெளியே ஒரு முனை வைத்திருப்பார்கள். இதில் இல்லை. பிரித்தேன். உள்சுருளின் ஒரு முனையில் வார்னிஷைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, காற்றுத் துளை வழியாக வெளியே கொண்டுவந்தேன். உப்புக் காற்றில் இதெல்லாம் பச்சை பூத்துப் போகும் என்பதால் மேலே பிசினும் பூசினேன்.

ஊசி அசைந்தது. அசைந்தால் போதும் என்று நினைக்கிறவன்தான் இந்தத் தொழிலைக் கெடுத்தவன். லாரியில் இருந்த புல்லி வேறு, நாங்கள் படகில் போட்ட புல்லி வேறு. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆல்டர்னேட்டர் எத்தனை சுற்றும் என்பது அந்தப் புல்லிகளின் அளவைப் பொறுத்தது. மீட்டருக்கு அது தெரியாது. அதன் முதுகில் ஒரு சின்ன திருகு இருக்கும். போர்மேன் கை மீட்டரோடு வந்தார். ராயப்பன் கேபினில் நின்று ரேஸ் கொடுக்க, நான் கீழே புல்லியில் அழுத்திப் பார்க்க, பிறகு அவர் அழுத்திப் பார்க்க, மேலே ஏறி ஊசியைப் பார்த்துத் திருகைத் திருப்பினோம். மெதுவான ஓட்டத்தில் ஒருமுறை, நடு ஓட்டத்தில் ஒருமுறை, முழு ஓட்டத்தில் ஒருமுறை. மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் கை மீட்டரைத் துண்டில் சுற்றினார்.

அன்றைக்கு ராயப்பன் என்னைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்த முள்ளு பொய் சொல்லாதுல்ல?"

இத்தனை வருடம் கடலில் கிடந்த ஆளுக்கு ஊசி எதற்கு? எங்கள் கரையில் எந்த டிரைவரும் ஊசியைப் பார்த்து ஓட்டுவதில்லை, சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டுவார்கள். மீட்டர் முதலாளிகளின் திருப்திக்கு. எதற்காக இந்த ஆள் இதைப் போய் இவ்வளவு கவலையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பொய் சொல்லாது என்று சொன்னேன்.

இனி சோலைமலையின் திருப்பணி. மனைவியின் நகப்பூச்சை வாங்கி வந்து மீட்டர் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். எந்த எண்ணில்? பக்கத்துப் படகு மீட்டரில் எந்த எண்ணில் இருந்ததோ அந்த எண்ணில். அந்தப் படகின் எஞ்சின் வேறு, இது வேறு என்றார் போர்மேன். "அது நல்ல பாடு படுற போட்டுய்யா" என்றார் சோலைமலை. மீன் நன்றாகப் படுவதற்கும் சிவப்புக் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. போர்மேன் என் காலை மிதித்தார்.

அடுத்த நாள் எஞ்சினுக்குப் பூஜை. நாங்கள் பட்டறையில் இருந்தோம். ஊரிலிருந்து ஆட்களோடு வந்தவர், மாட்டுப்பொங்கலன்று கொம்புக்கும் உடம்புக்கும் எண்ணெய் தடவி மினுக்குவார்களே, அதையே எஞ்சினுக்குச் செய்திருக்கிறார். நல்லெண்ணெயைத் துணியில் நனைத்து, மூடி முதல் அடி வரை ஒரு இடம் விடாமல் துடைக்க வைத்திருக்கிறார். புல்லிக்கு எண்ணெய். பெல்ட்டுக்கும் எண்ணெய், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டுக்கும். அதற்கு மேல் சந்தனம், குங்குமம். மீட்டர் கண்ணாடியிலும் ஒரு பெரிய பொட்டு. கடற்கரைக்காரன் ஒருவனும் பெல்ட்டில் எண்ணெய் தொட மாட்டான். வயல்காட்டிலிருந்து வந்த மனிதருக்குத்தான் எது பளபளக்க வேண்டும், எது வறட்சியாக இருக்க வேண்டும் என்று தெரியாது. என் அய்யாவும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் என் அய்யா படகு வாங்கவில்லை.

பூஜை முடிந்து வெள்ளோட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போர்மேனும் நானும் ஏறினோம். சோலைமலை உயிர்பயத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு கேபின் வாசலில் நின்றார். ஜெட்டியை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ராயப்பன் ரேஸ் ஏற்றினார். ஏற்றியதும் பெல்ட் கத்த ஆரம்பித்தது.

பெல்ட் வழுக்கினால் எழும் கத்தல் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பல் கூசும். ஜெட்டியில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் காதைப் பொத்தினேன். ராயப்பன் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட் வழுக்கியதால் ஆல்டர்னேட்டரின் சுற்று இறங்கியது. ஊசியும் இறங்கியது. ஊசி இறங்கியதைப் பார்த்து, எஞ்சின் இறங்குகிறது என்று நினைத்து, அவர் இன்னும் ரேஸ் கொடுத்தார். பெல்ட் இன்னும் வழுக்கியது. ஊசி இன்னும் இறங்கியது. அவர் லீவரை மேலும் தள்ளினார். புகைபோக்கி கரியாகக் கக்கியது. எஞ்சின் போட்ட அலறலில் பலகையெல்லாம் ஆடியது.

"ஏலே, கொல்லாதலே அத! கொறைலே!" என்று வாசலில் நின்று சோலைமலை கத்தினார்.

ராயப்பன் திரும்பவில்லை. அவர் கண் ஊசியில் இருந்தது. மூஞ்சியில் திமிர் எதுவும் இல்லை. பரீட்சை எழுதுகிறவன் மூஞ்சி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போர்மேன் குறுக்கே போய்த் தன் கையால் லீவரை இழுத்தார். ராயப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். போர்மேன் வெறுமனே வாயை அசைத்தார், சத்தமே இல்லாமல். "கரைக்கு விடு" என்று. ராயப்பன் உடனே படகைத் திருப்பினார். போர்மேன் அளந்துவிட்டார்.

கரையில் சோலைமலை ஆடாத ஆட்டம் இல்லை. "சொன்னேனா இல்லையா? என் கண்ணு முன்னாடியே எஞ்சினக் கொல்லப் பாத்தான். நாளைக்கே வேற டிரைவரு." போர்மேன் அவரிடம் ஒரே வார்த்தை சொன்னார். "சாயங்காலம் பட்டறைக்கு வாங்க மொதலாளி. அளந்து சொல்றேன்." சோலைமலை டீ குடிக்கப் போனார்.

படகுக்குள் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். ராயப்பன் எண்ணெய் வழிந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"கத்துச்சா?" என்றார்.

"கத்துச்சுண்ணே" என்றேன்.

ராயப்பன் தானாகவே சொன்னார். எஞ்சினுக்கு மேலேயே வாழ்நாள் முழுக்க நின்ற காது. வலது காது முதலில் போயிருக்கிறது, பிறகு இடதும் போயிருக்கிறது. படகில் அது ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வழியே இல்லை. எஞ்சின் சத்தத்தில் படகில் எல்லோருமே கையால்தான் பேசிக்கொள்வார்கள். வலையை இறக்கு, ஏற்று, நிறுத்து, எல்லாம் கைதான். கடலில் அவரும் மற்றவர்களும் ஒன்று. கரைக்கு வந்தால்தான் அவர் செவிடு.

"பழைய எஞ்சினுக்குக் கேபிளு அந்துருச்சுன்னு மொதலாளிட்ட எத்தன தடவ சொன்னேன். முள்ளு எதுக்குடா ஒனக்கு, காது இல்லையான்னாரு. இல்லைன்னு சொல்ல முடியுமா? பலகையில கைய வச்சு, அந்த ஆட்டத்த வச்சு ஓட்டிப் பாத்தேன். கடைசியில கொன்னுட்டேன்." எஞ்சினைத் தட்டினார். "இது லாரி எஞ்சினு. இதோட ஆட்டம் என் கைக்குப் புரிபடல. முள்ளு இருந்தா ஓட்டிருவேன். கரையில எறக்கிவிட்டா எனக்கு ஐஸ் ஒடைக்கத்தான் வேல குடுப்பாக. தெரிஞ்சுபோனா அதுவும் கெடையாது."

ஒரு கேபிளுக்குக் கணக்குப் பார்த்து ஒரு எஞ்சினையே இரும்புக்கடைக்கு அனுப்பிய மனிதர்தான் இவரை மேய்க்க மீட்டர் மாட்டியவர். எனக்குச் சோலைமலையைக் கடலில் தள்ளலாம் போல இருந்தது. போர்மேனுக்கு அப்படியெல்லாம் எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருகேசா," என்றார் என்னிடம், "பெல்ட்டுல ஓடுறது வழுக்கும். பல்லுல ஓடுறது வழுக்காது. எண்ணெயத் தொடச்சு இன்னைக்குச் சரி பண்ணலாம். அடுத்த ஆயுத பூசைக்கு மறுபடி பூசுவாரு. அன்னைக்கு நீயும் நானும் இந்தப் போட்டுல இருக்க மாட்டோம்." பிறகு ராயப்பனுக்கு நேராக நின்று, வாயை நிதானமாகத் திறந்து திறந்து பேசினார். அதே படகில் வேலை பார்த்த அவர் மச்சான் அந்தோணியைக் கேபினுக்கு முன்னால் எப்போதும் கண்ணில் படுகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும், ஆபத்து என்றால் அவன் கை காட்ட வேண்டும், இதற்குச் சம்மதம் இல்லையென்றால் தானே முதலாளியிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ராயப்பன் ஒத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. மொதலாளி பேசுறப்ப அவரு மூஞ்சிய விட்டுக் கண்ண எடுக்காத."

"வெத்தலையப் போட்டுக்கிட்டுப் பேசுனா வாய் வெளங்க மாட்டேங்குதே" என்றார் ராயப்பன்.

"அவரு வெத்தல இல்லாமப் பேசுனாலும் வெளங்காது. நீ பாத்துக்கிட்டு மட்டும் நில்லு."

சாயங்காலம் சோலைமலை பட்டறைக்கு வந்தார். பெல்ட்டில் எண்ணெய் பூசியது நீங்கள்தான் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை என்பது எனக்கே தெரியும். பூஜையைக் குறை சொல்கிறான் என்று அடுத்த பட்டறைக்குப் போயிருப்பார். போர்மேன் அந்தப் பக்கமே போகவில்லை. அவரை ஓரமாகக் கூட்டிப்போய், திருட்டுச் சாமான் விற்கிறவன் குரலில் பேசினார்.

"மொதலாளி, இந்தக் கரண்ட் மீட்டரு பெல்ட்டுல ஓடுது. பெல்ட்டக் கொஞ்சம் தளத்திவிட்டா முள்ளு எறங்கிக் காட்டும். நீங்க சிவப்புக்குக் கீழதான் ஓடுதுன்னு நெனப்பீக. உள்ள அவன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். எந்த டிரைவரு வந்தாலும் இந்த மீட்டர ஏமாத்தலாம்."

சோலைமலையின் கண் விரிந்தது. "அப்பிடியா சேதி?"

"ஒங்க பழைய மீட்டரு எஞ்சினுக்குள்ள பல்லுல ஓடுறது. அத ஒருத்தனும் ஏமாத்த முடியாது. வேற டிரைவரு பழகுற வரைக்கும் எஞ்சினு தாங்குமோ என்னவோ. இவனையே வச்சு, அந்த மீட்டர மாட்டி, வசமா மடக்கிருங்க."

நேர்மையாகச் சொல்லியிருந்தால் ஒரு ஆணிகூட வாங்கித் தந்திருக்க மாட்டார். சந்தேகத்துக்கு என்றதும் பர்ஸைத் திறந்தார். மறுநாளே நான் உப்பூருக்குப் போய் மீட்டரை எடுத்து வந்தேன். மோட்டார் ரூமில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மாலை போட்டிருந்தார்.

லேத்தில் இணைப்பைக் கடைந்தோம். கேம் ஷாஃப்ட் எஞ்சின் சுற்றில் பாதிதான் சுற்றும். பழைய மீட்டரும் அந்தப் பாதிச் சுற்றுக்கென்றே செய்தது, அதனால் கணக்கு மாறவில்லை. மூடியைக் கழற்றி, இணைப்பை முடுக்கி, எண்ணெய் கசியாமல் சீல் போட்டு, புதுக் கேபிளை எங்கேயும் மடங்காமல் கேபின் வரை கொண்டுபோனேன். கரண்ட் வேலைக்காரனுக்கு ஒரு வயர்கூட இல்லாத வேலை. கை மீட்டர் வந்தது. நான் பார்த்தேன், அவர் பார்த்தார், நான் சொன்னேன். இந்த முறை துண்டில் சுற்றுவதற்கு முன்னால் போர்மேன் கை மீட்டரை ராயப்பனிடம் கொடுத்தார். அதுவரை எங்கள் யாருக்கும் அவர் அதை விரும்பிக் கொடுத்ததில்லை. ராயப்பன் தானே கீழே இறங்கிப் புல்லியில் அழுத்தினார். மேலே வந்து ஊசியைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. அந்த மனிதர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இந்த மீட்டரிலும் சோலைமலை அதே எண்ணில் இழுத்துவிட்ட நகப்பூச்சுக் கோட்டைப் போர்மேன் பிளேடால் சுரண்டிவிட்டு, இந்த எஞ்சினுக்குரிய இடத்தில் போட்டார். சோலைமலைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செவிடனைக் கடலுக்கு அனுப்பலாமா என்று இப்போது கேட்பவர்கள் இருப்பார்கள். இரண்டு காதும் உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டி, கரையில் நின்ற படகில் மோதியதை எத்தனையோ பார்த்துவிட்டேன். ராயப்பன் அதன்பிறகு பல வருடம் அந்தப் படகை ஓட்டினார். எஞ்சின் பிரிக்கும்படி ஒருமுறைகூட வரவில்லை. வருடா வருடம் பெல்ட்டில் எண்ணெய் மட்டும் வழிந்தது, பெல்ட் கத்தியது. ஊசி பொய் சொல்லவில்லை.

போர்மேன் ஓய்வு பெற்றுப் போன பிறகு ஒருநாள் சோலைமலையை ஜெட்டியில் பார்த்தேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ராயப்பனைக் காட்டினார். அவர் எங்களுக்கு எதிரில், கைகட்டி, முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாத்தியா முருகேசா. முன்னல்லாம் பின்னால இருந்து கத்துனாலும் திரும்பமாட்டான், அம்புட்டுத் திமிரு. இப்பப் பாரு, நான் வாயத் தெறந்தா என் மூஞ்சிய விட்டுக் கண்ண எடுக்கிறானா? எல்லாம் அந்த மீட்டரு மாட்டுனதுல இருந்துதான். ஆள வழிக்குக் கொண்டாந்துருச்சுல்ல?"

"ஆமா மொதலாளி," என்றேன், "மீட்டருதான் கொண்டாந்துச்சு."

என் வாயையும் பார்த்துக்கொண்டிருந்த ராயப்பன் லேசாகத் தலையை ஆட்டினார்.